ஏரி தண்ணி ரிப்போர்ட் நார்மல், ஆனா அடியில மேயுற மீனுக்கு மட்டும் புண்ணு, கட்டி. சேறு காரணமா இருக்குமா?

ஏரிக்கரை_ஆள்

எல்லாருக்கும் வணக்கம். நாங்க ஏழெட்டு பேர் சேந்து ஒரு ஏரியில மூணு வருஷமா மீன் பிடிச்சு அளந்து எடை போட்டு போட்டோ எடுத்து நோட்டுல எழுதிட்டு வரோம், யாரும் சொல்லி செய்யல, ஆர்வத்துல ஆரம்பிச்சது. மேல் தண்ணியில திரியுற மீனெல்லாம் பாக்க நல்லாத்தான் இருக்கு. பிரச்சனை கெளுத்தி மாதிரி அடியில கிடக்குற மீன்லதான். மீசை குட்டையா தேஞ்சு போயிருக்கு, சிலதுக்கு ஒரு பக்க மீசையே இல்ல, உதட்டுல சிவப்பா புண்ணு, தோல்ல கருப்பு திட்டு, ரெண்டு மூணு பெரிய மீனை அறுத்து பாத்தப்ப ஈரல் வெளுத்து மஞ்சளா, அங்கங்க முடிச்சு முடிச்சா இருந்துச்சு.

தண்ணியை லேப்ல குடுத்தோம். பிஎச் 7.6, கரைஞ்ச ஆக்ஸிஜன் லிட்டருக்கு 6 மில்லிகிராம், ஈயம் காட்மியம் பாதரசம் எல்லாமே "கண்டறியும் அளவுக்கு கீழே". ரிப்போர்ட்டை காட்டினா எல்லாரும் தண்ணி சுத்தமா இருக்கு, மீனுக்கு ஏதோ சீக்குன்னு சொல்லிட்டு போயிடுறாங்க. ஆனா ஏரியோட ஒரு மூலையில முன்னாடி முலாம் பூசுற பட்டறை கழிவும், தார் காய்ச்சுற இடத்து கழிவும் வந்து விழுந்துட்டு இருந்துச்சு, அதெல்லாம் மூடி பல வருஷம் ஆச்சு.

என் கேள்வி: தண்ணியில ஒண்ணுமே இல்லைன்னா மீனுக்கு எப்படி ஏறும்? மூடி இத்தனை வருஷம் கழிச்சும் சேத்துல இருக்குமா? இன்னொண்ணு, ஏரியை தூர்வாரணும்னு இப்ப பேச்சு ஓடுது, அது நல்லதா கெட்டதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வண்டல்புழு

மொதல்ல ஒண்ணு, தண்ணி ரிப்போர்ட் பொய் சொல்லல, நீங்க கேக்காத கேள்விக்கு அது பதில் சொல்லாது அவ்வளவுதான். அந்த பாட்டில்ல இருக்குறது அன்னைக்கு, அந்த நேரத்துல, அந்த ஆழத்துல இருந்த தண்ணி. சேறுங்கறது பத்து இருபது வருஷத்து கணக்கு நோட்டு மாதிரி, வந்து விழுந்ததெல்லாம் அடுக்கடுக்கா எழுதி வெச்சிருக்கும்.

உலோகமோ தார் சமாச்சாரமோ ஏரிக்குள்ள வந்ததும் ரொம்ப நேரம் தண்ணியில கரைஞ்சு நிக்காது, மெல்லிசான களிமண் துகள்லயும் மக்குன இலை தழையிலயும் போய் ஒட்டிக்கிட்டு அடியில படிஞ்சிடும். மணல்ல அவ்வளவா ஒட்டாது. ஆத்து வாய்ல மணலா இருக்குற இடத்துல சாம்பிள் எடுத்தா ஒண்ணும் இருக்காது, ஏரியோட ஆழமான குழியில மை மாதிரி வழுவழுன்னு கருஞ்சேறு இருக்கும் பாருங்க, அங்கதான் மொத்த சரக்கும். அதே ஏரியில தண்ணிக்கும் சேத்துக்கும் ஆயிரம் மடங்கு, சில பொருளுக்கு அதுக்கும் மேல வித்தியாசம் இருக்கும்.

சரி சேத்துல கிடந்தா மீனுக்கு என்ன? பல வழி இருக்கு. சேத்து துகளுக்கு நடுவுல சிக்கி நிக்குற தண்ணி, அதுல அளவு மேல் தண்ணியை விட கூட. அடுத்தது சேத்துக்குள்ள வாழுற சிவப்பு புழு, கொசு ஜாதி பூச்சியோட புழு, நத்தை, மட்டி இதெல்லாம் சேத்தையே தின்னு வாழுது, அதை கெளுத்தி தின்னுது. மூணாவது கெளுத்தி மூஞ்சியை சேத்துல முட்டி முட்டி தேடுற மீன், மீசை முழுக்க ருசி மொட்டுதான், உடம்பு தோல்லயும் ருசி மொட்டு இருக்கும், செதில் வேற கிடையாது, அதனால நேரா தோல் வழியாவும் தொடுது. நாலாவது சேத்துல முட்டை போடுற மீனா இருந்தா முட்டைக்கும் குஞ்சுக்கும். அதான் மேல திரியுற மீன் தப்பிச்சிருக்கு, அடியில கிடக்குறது மாட்டிக்கிச்சு.

மூடி பல வருஷம் ஆனாலும் இருக்குமான்னு கேட்டீங்க. ஈயம் காட்மியத்துக்கெல்லாம் மக்குறதுன்னு ஒண்ணு கிடையாது, அது தனிமம், எங்க போகும்? மேல புது வண்டல் விழுந்து மூடினாத்தான் உண்டு. ஆனா புழு, நண்டு, கெளுத்தி எல்லாம் கிளறிக்கிட்டே இருக்கும், காத்து அடிச்சா அலை கிளறும், ஆழம் குறைஞ்ச ஏரின்னா இன்னும் மோசம்.

இதுல ஒரு சுவாரசியம் இருக்கு. ஆக்ஸிஜன் இல்லாத கருஞ்சேத்துல சல்ஃபைடு நிறைய இருக்கும், அந்த அழுகுன முட்டை நாத்தம் அதோடதுதான். காட்மியம், காப்பர், ஈயம், நிக்கல், துத்தநாகம் எல்லாத்தையும் அது கட்டிப்போட்டு கரையவிடாம வெச்சிருக்கும். அதனால சேத்துல மொத்த அளவு அதிகமா இருந்தும் மீனுக்கு பெருசா ஒண்ணும் ஆகாத ஏரியும் இருக்கு. அதே சேத்தை கிளறி ஆக்ஸிஜன் பட வெச்சீங்கன்னா சல்ஃபைடு உடைஞ்சு கட்டு அவுந்துடும். மொத்த அளவை மட்டும் பாத்து பயப்படவும் கூடாது, நிம்மதியாவும் இருக்க கூடாதுன்னு நான் சொல்றது அதனாலதான்.

நீங்க தண்ணி எடுத்தது எத்தனை மணிக்கு, மேல்மட்டத்துலயா அடியிலயா?

சந்தேகப்பேர்வழி

எதுக்கெடுத்தாலும் உலோகம் உலோகம்னு ஓடாதீங்க. மீன்ல புண்ணு வந்தா பத்துல எட்டு நேரம் ஆக்ஸிஜன் பத்தாம, அம்மோனியா ஏறி, மீன் தளர்ந்து போனதும் பாக்டீரியா வந்து உக்காந்ததா இருக்கும். முதல்ல அதை பாருங்க.

வண்டல்புழு

@சந்தேகப்பேர்வழி பத்துல எட்டுன்னு எங்க எண்ணினீங்கன்னு தெரியல, ஆனா விஷயம் சரிதான், அதை விட்டுட்டேன். ஆனா பாருங்க அதுவும் சேத்துல இருந்துதானே வருது! அடியில மக்குறதுக்கு ஆக்ஸிஜனை குடிக்கிறதே சேறுதான், மக்கி அம்மோனியாவை விடுறதும் அதுதான்.

அம்மோனியால ஒரு தந்திரம் இருக்கு, மொத்த அம்மோனியா அதே அளவுல இருந்தாலும் பிஎச் ஏறுனா விஷ வடிவம் கூடிடும். 25 டிகிரில பிஎச் 7ன்னா மொத்தத்துல அரை சதவீதம் சொச்சம்தான் விஷம், 8ன்னா 5 சதவீதம், 9ன்னா 36 சதவீதம் கிட்ட. பாசி நிறைய இருக்குற ஏரியில மதியம் மூணு மணிக்கு பிஎச் 9ஐ தொடும், விடியக்காலைல கீழ இறங்கிடும், அதே நேரம் ஆக்ஸிஜனும் பாதாளத்துக்கு போயிருக்கும். பகல் பதினோரு மணிக்கு ஒரு பாட்டில் மொண்டுட்டு வந்தா ரெண்டு கண்டமும் தெரியாது.

ஆனா ஆக்ஸிஜன் பிரச்சனைன்னா எல்லா மீனும் மேல வந்து வாய் பிளக்கும், ஒரே ராத்திரியில கூட்டமா சாகும். இவர் சொல்றது மூணு வருஷமா மெதுவா, அடி மீனுக்கு மட்டும், அதுவும் ஈரல்ல. கதை வேற மாதிரி போகுது.

செவுள்_பாத்தவன்

மீன் நோய் பக்கம் கொஞ்சம் வேலை பாத்தவன், அதனால எழுதுறேன். நீங்க சொன்ன அடையாளங்கள் (மீசை தேயுறது, உதட்டுப் புண்ணு, கருந்திட்டு, ஈரல் முடிச்சு) படிச்சதும் எனக்கு ஞாபகம் வந்தது அமெரிக்காவுல ஒஹையோவுல ஏரி ஏரியில போய் விழுற பிளாக் ஆறு. (ஆமா, அந்த ஏரி பேரே ஏரி, சிரிக்காதீங்க.) அங்க நிலக்கரியை சுட்டு கோக் ஆக்குற ஆலை ஒண்ணு இருந்துச்சு, அதோட தார் கழிவு முழுக்க அடி சேத்துல. பழுப்பு புல்ஹெட்னு ஒரு கெளுத்தி ஜாதி, 1980கள் ஆரம்பத்துல பிடிச்ச வளந்த மீன்ல பத்துக்கு நாலு கிட்ட ஈரல் புத்துநோய். 1983ல ஆலையை மூடினாங்க, 1987 வாக்குல அது முன்ன இருந்ததுல நாலுல ஒரு பங்கா குறைஞ்சிடுச்சு. வேற எந்த வைத்தியமும் இல்ல, புதுசா வந்து விழுறது நின்னுச்சு, பழையது மேல வண்டல் மூடுச்சு.

இது எப்படி நடக்குதுன்னா, தார்லயும் புகைக்கரியிலயும் இருக்குற பிஏஎச்னு சொல்ற பல வளைய கரிமப் பொருளை மீனோட ஈரல் சும்மா விடாது, உடைச்சு வெளிய தள்ள பாக்கும். தள்ளவும் செய்யுது, பித்தநீர் வழியா. ஆனா உடைக்கிற வழியில நடுவுல ஒரு வடிவம் வருது பாருங்க, அது போய் டிஎன்ஏல ஒட்டிக்கும். ஈரல் தன் வேலையை ஒழுங்கா செய்யுறதாலேயே வர்ற வினை. இதுல உங்களுக்கு முக்கியம் என்னன்னா, மீன் சதையை லேப்ல குடுத்து பிஏஎச் பாத்தா பெரும்பாலும் ஒண்ணும் வராது, அது ஏற்கனவே உடைஞ்சு போயிருக்கும். பித்தப்பையை எடுத்து பித்தநீர்ல பாக்கணும். இது தெரியாம "சதையில இல்ல, அதனால மீன் பாதுகாப்பா இருக்கு"ன்னு எழுதின ரிப்போர்ட்டை நானே பாத்திருக்கேன்.

உலோகம் வேற ரகம். காப்பர் செவுள்ல உப்பு உறிஞ்சுற பம்பை முடக்கும், மீன் சோடியத்தை இழந்துட்டே இருக்கும். காட்மியம் கால்சியம் போற வாசல் வழியா கால்சியம் மாதிரியே நுழைஞ்சு சிறுநீரகத்துல தங்கிடும், கால்சியம் குறைஞ்ச மென்தண்ணியில இது ரொம்ப ஜாஸ்தி, கடினத் தண்ணியில கொஞ்சம் தப்பிக்கும். ஈயம் கூடினா வால் கருக்கும், முதுகெலும்பு வளையும். செவுளை மைக்ரோஸ்கோப்ல பாத்தா இதழ் எல்லாம் தடிச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி போயிருக்கும், ஆக்ஸிஜன் தண்ணியில இருந்தும் உள்ள போகாது. காப்பர் இன்னொண்ணும் பண்ணும், லிட்டருக்கு சில மைக்ரோகிராம் இருந்தாலே சால்மன் குஞ்சுக்கு மோப்பம் மங்கிடும், எதிரி வாசனை தெரியாம நிக்கும். அப்படி சாகுற மீன் எந்த கணக்குலயும் வராது, ஏன்னா செத்து மிதக்காது, இன்னொரு மீன் வயித்துல இருக்கும்.

ஆனா ஒரு எச்சரிக்கை. கண்ணால பாத்து புத்துநோய்னு முடிவு கட்டாதீங்க. ஈரல் முடிச்சு ஒட்டுண்ணிப் புழு கட்டின கூடா இருக்கலாம், உதட்டுப் புண்ணு ஏரோமோனாஸ் பாக்டீரியாவா இருக்கலாம், கட்டி வைரஸாலயும் வரும். மாசு மீனோட எதிர்ப்பு சக்தியை குறைக்கும், அப்புறம் கிருமி வேலையை முடிக்கும், ரெண்டுமே சேந்து நடக்கும். ஈரல் துண்டை அப்பவே ஃபார்மலின்ல போட்டு திசு பரிசோதனைக்கு அனுப்புங்க. செத்து ரெண்டு மணி நேரம் வெயில்ல கிடந்த மீனோட ஈரலை அனுப்பி பிரயோஜனம் இல்ல.

இன்னொண்ணு வயசு. புத்துநோய் கிழட்டு மீன்லதான் அதிகம் வரும், அதனால உங்க ஏரியோட அஞ்சு வயசு மீனையும் சுத்தமான ஏரியோட ரெண்டு வயசு மீனையும் ஒப்பிட்டா தப்பான பதில் வரும். கெளுத்திக்கு பக்கத் துடுப்பு முள்ளை குறுக்கா மெல்லிசா அறுத்து வளையம் எண்ணினா வயசு ஓரளவு தெரியும்.

ஏரிக்கரை_ஆள்

ரொம்ப நன்றி, இவ்வளவு எதிர்பாக்கல. தண்ணி எடுத்தது காலைல பதினொண்ணு மணி, படகுல இருந்து கையை விட்டு மொண்டது, அதாவது மேல்மட்டம். இப்ப எழுதும்போதே வெக்கமா இருக்கு. வயசு நாங்க பாக்கவே இல்ல, நீளம் எடை மட்டும்தான்.

இதை கேக்காம இருக்க முடியல, அந்த மீனை சிலபேர் சாப்புடுறாங்க. சமைச்சா போயிடுமா?

நீர்க்கோழி

சமைச்சா பாதரசம் போகாது. இதை மட்டும் எல்லாருக்கும் சொல்லுங்க.

பிசிபி (பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்ல இருந்த ரசாயனம்) மாதிரி கொழுப்புல தங்குறதுன்னா தோலையும் வயித்துப் பக்க கொழுப்பையும் எடுத்துட்டு சுட்டு கொழுப்பை வடிய விட்டா கொஞ்சம் குறையும். பாதரசம் அப்படி இல்ல, சதையோட புரதத்துலயே பிடிச்சுக்கிட்டு இருக்கும், தோலை உரிச்சாலும் கொதிக்க வெச்சாலும் அங்கேயேதான், தண்ணி வத்தினா கிராம் கணக்குல கூடத்தான் செய்யும்.

அது சேத்துல இருந்து வர்ற விதம்தான் கொடுமை. கழிவா வந்து விழுற பாதரசத்தை மீன் அவ்வளவா சேத்து வெக்காது. ஆக்ஸிஜன் தீர்ந்து போற இடத்துல வாழுற பாக்டீரியா, முக்கியமா சல்ஃபேட்டை வெச்சு பொழைக்கிறது, அதை மெத்தில் பாதரசமா மாத்தி விடும், இதுக்கு எந்த ரெண்டு ஜீன் காரணம்னு 2013லதான் கண்டுபிடிச்சாங்க. மெத்தில் ஆனதும் பாசி, பூச்சி, சின்ன மீன், பெரிய மீன்னு ஒவ்வொரு படியிலயும் கூடிட்டே போகும், வேட்டை மீன்ல தண்ணியை விட பத்து லட்சம் மடங்கு வரைக்கும் போகும். உங்க ரிப்போர்ட்ல "கண்டறியும் அளவுக்கு கீழே"ன்னு வந்தும் மீன்ல இருக்க முடியும்ங்கறதுக்கு இதுதான் காரணம். அதனால கெளுத்தியை மட்டும் பாக்காதீங்க, விரால் மாதிரி மீனைத் தின்னுற மீன் இருந்தா அதோட சதையை கட்டாயம் குடுங்க, அது பாக்க பளபளன்னு ஆரோக்கியமா இருக்கும், அதான் ஆபத்து.

எத்தனை காலம் நிக்கும்னா, கனடாவுல டிரைடன்ல ஒரு ரசாயன ஆலை 1962ல இருந்து 1970 வரைக்கும் வாபிகூன் ஆத்துல 9 டன் கிட்ட பாதரசத்தை விட்டுச்சு, கீழ கிராஸி நேரோஸ் பழங்குடி மக்கள் அந்த மீனை நம்பி இருந்தவங்க. அரை நூற்றாண்டு தாண்டியும் அங்க மீன்ல பாதரசம் அடங்கல.

ரிசல்ட் வர்ற வரைக்கும் அந்த மூலை மீனை சாப்பிட வேண்டாம்னு சொல்றதுதான் நல்லது, முக்கியமா கர்ப்பமா இருக்குறவங்களும் சின்ன பசங்களும்.

சந்தேகப்பேர்வழி

சரி நான் பின்வாங்குறேன். ஆனா மீன் எண்ணிக்கை குறையலையே? எண்ணிக்கை நல்லா இருந்தா ஏரி நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?

செவுள்_பாத்தவன்

இல்லங்க. வட கரோலினாவுல பெலூஸ் ஏரின்னு ஒண்ணு, 1970கள்ல நிலக்கரி மின் நிலையத்தோட சாம்பல் குட்டை தண்ணி அதுல போய் விழுந்துச்சு, அதுல செலினியம். வளந்த மீன் பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. தாய் மீன் செலினியத்தை முட்டைக்குள்ள குடுத்துடும், குஞ்சு பொரிஞ்சு மஞ்சள் கருவை உறிஞ்சும்போது முதுகு வளைஞ்சு, தலை கோணி, வீங்கி செத்துடும். பெருசுங்க இருக்கும், சின்னது வராது. 20 வகை மீன்ல 19 போயிடுச்சு. 1980கள் நடுவுல சாம்பல் தண்ணியை நிறுத்தினாங்க, பத்து வருஷம் கழிச்சும் வண்டல்ல இருந்து புழு வழியா செலினியம் மேல வந்துட்டுத்தான் இருந்துச்சு.

அதனால @ஏரிக்கரை_ஆள் உங்க நோட்டுல சின்ன மீன் வருஷா வருஷம் வருதான்னு பாருங்க. நீளத்தை வெச்சு பிரிச்சாலே தெரிஞ்சிடும்.

வண்டல்புழு

தூர்வாருற விஷயத்துக்கு வரேன், ஏன்னா அதுலதான் ஆளாளுக்கு அவசரம்.

மேல சொன்ன பிளாக் ஆத்துக் கதையோட ரெண்டாம் பாகம் இருக்கு. புத்துநோய் தானா குறைஞ்சிட்டு வந்துச்சுல்ல, 1990 வாக்குல மிச்ச தார் சேத்தையும் எடுத்துடலாம்னு தூர்வாரினாங்க. அடுத்த ரெண்டு மூணு வருஷம் ஈரல் புத்துநோய் பழையபடி ஏறிடுச்சு, ஆலை ஓடுன காலத்தை விடவும் கொஞ்சம் கூட. புதைஞ்சு கிடந்ததை கிளறி விட்டதுல அந்த சமயம் இருந்த மீனெல்லாம் வாங்கிக்கிச்சு. ஆனா 1994ல பிடிச்ச மூணு வயசு மீன்ல, அதாவது வேலை முடிஞ்சப்புறம் பொறந்ததுல, ஒண்ணுக்கும் இல்ல. இதை வெச்சு தூர்வாருறது தப்புன்னும் வாதாடலாம், சரின்னும் வாதாடலாம், ரெண்டு கட்சியும் இதையே மேற்கோள் காட்டுவாங்க. என் கருத்து: எடுக்கலாம், ஆனா சாதாரணமா வாளி போட்டு அள்ளி கரையில கொட்டுற தூர்வாரல் கூடவே கூடாது. உறிஞ்சு எடுக்குற இயந்திரம், சுத்தி வண்டல் திரை, எடுத்த சேத்துல இருந்து வடியுற தண்ணிக்கு சுத்திகரிப்பு, சேத்தை எங்க கொண்டு போய் போடுறதுங்கறதுக்கு முன்கூட்டியே பதில், இது எல்லாம் இருந்தா மட்டும். கரையில குவிச்சா முதல் மழையில திரும்ப உள்ள.

எடுக்காமலும் வழி இருக்கு. சுத்தமான மணல், தேவைன்னா கரித்தூளும் கலந்து மேல போர்த்தி மூடுறது. நியூயார்க் மாநிலத்துல பாதரசம் படிஞ்சு கிடந்த ஒனண்டாகா ஏரியில 2012ல இருந்து 2014 வரைக்கும் ஒரு பகுதியை தூர்வாரி, 2016 வாக்குல மூடுற வேலையையும் முடிச்சாங்க. அதை விட எனக்கு பிடிச்சது, ஆழமான அடித் தண்ணியில கோடைல கால்சியம் நைட்ரேட் கரைசலை விடுறாங்க, நைட்ரேட் இருந்தா அடி சேறு பாதரசத்தை மெத்தில் பாதரசமா மாத்துற நிலைக்கு போகாது. சேத்தை தொடாமலேயே பாக்டீரியாவோட சாப்பாட்டை மாத்தி விடுற யோசனை.

ஆனா இதெல்லாம் பேசுறதுக்கு முன்னாடி சேறு என்னன்னு தெரியணும். மூணு இடம்: பழைய கழிவு வாய், ஆழமான குழி, கழிவு படாத எதிர்மூலை. குழாயை செங்குத்தா இறக்கி அடுக்கு கலையாம எடுங்க, மேல் 5 சென்டிமீட்டரை தனியா, கீழ இருக்குறதை 10 சென்டிமீட்டர் துண்டு துண்டா. உலோகத்துக்கு சுத்தமான பிளாஸ்டிக் டப்பா, தார் வகைக்கு கண்ணாடி, ஐஸ்ல வெச்சு அன்னைக்கே குடுங்க. லேப்ல உலோகம், பிஏஎச், பிசிபி மட்டுமில்லாம துகள் அளவும் கரிமக் கார்பனும் சல்ஃபைடும் கேளுங்க, அது இல்லாம நம்பருக்கு அர்த்தம் பாதிதான்.

வந்த நம்பரை எதோட ஒப்பிடுறதுன்னா, நன்னீர் வண்டலுக்கு 2000ல வெளியான ஒரு எல்லை அட்டவணை பரவலா பயன்படுது, அதுல காஞ்ச சேறு கிலோவுக்கு ஈயம் 128 மில்லிகிராம், காப்பர் 149, காட்மியம் 4.98, பாதரசம் 1.06, மொத்த பிஏஎச் 22.8. இதை தாண்டினா அடியில வாழுற உயிர்களுக்கு பாதிப்பு வர வாய்ப்பு அதிகம். கவனிங்க, இது புழு பூச்சிக்கு போட்ட கணக்கு, மீனுக்குள்ள ஏறுறதுக்கு இல்ல. பாதரசம் 1.06க்கு கீழ இருந்தும் வேட்டை மீன்ல எகிறலாம்.

ஏரிக்கரை_ஆள்

நோட்டை எடுத்து நீளம் வாரியா பிரிச்சு பாத்தேன். முதல் வருஷம் ஒரு சாண் நீளத்துக்கு கீழ கெளுத்தி 41, ரெண்டாம் வருஷம் 26, இந்த வருஷம் இதுவரைக்கும் 9. வலையும் அதே வலை, இடமும் அதே இடம். இதை இத்தனை நாள் யாருமே பாக்கல, மொத்த எண்ணிக்கையை மட்டும் கூட்டி போட்டுட்டு இருந்தோம்.

வர்ற ஞாயித்துக்கிழமை குழாயோட போறோம். ஒரு சந்தேகம், குழாயை மேல தூக்கும்போது சேறு வழுக்கி கீழ விழுந்துடுதே, என்ன பண்றது?

வண்டல்புழு

குழாய் மேல் வாய் வரைக்கும் தண்ணி நிரப்பி ரப்பர் மூடி போட்டு இறுக்குங்க, அப்புறம் மெதுவா தூக்குங்க. காத்து உள்ள போகலைன்னா சேறு இறங்காது. அடி வாய் தண்ணிக்கு மேல வர்றதுக்கு முன்னாடியே ஒருத்தர் கையை விட்டு கீழ் மூடியையும் போட்டுடணும், மேல வந்தப்புறம் போடலாம்னு நினைச்சீங்கன்னா படகெல்லாம் சேறு ஆயிடும். கையுறை போட்டுக்கோங்க. அந்த கழிவு வாய் பக்கத்து சாம்பிளை கடைசியா எடுங்க, முதல்ல எடுத்தா அதே குழாய்ல ஒட்டினது மத்த ரெண்டுக்கும் போயிடும்.